ஐந்தெழுத்தும் ஐந்து மூச்சும்

மார்கழி வைகறையில் மார்க்கையன்கோட்டைத் தெருக்களில் நடந்தவர்களுக்கு அந்தக் குளிரின் சுவை தெரியும். இருபுறமும் மலைகள் கருநீலமாய் நிற்க, முல்லையாற்றுப் பாசனத்தில் இரண்டாம் போக நாற்று வேர்பிடித்திருக்கும் வயல்களிலிருந்து பனி எழுந்து ஊருக்குள் வரும். வாசல்தோறும் சாணம் தெளித்துக் கோலமிடும் ஓசை கேட்கும். அந்த நேரத்தில் கம்பளிச் சால்வையும் நெற்றி நிறைய திருநீறுமாக ஒரு சிறு கூட்டம் திருவெம்பாவை பாடிக்கொண்டு வீதிவலம் வருவது வழக்கம். அந்தக் கூட்டத்தை முன்னின்று நடத்தியவர், பள்ளியில் தமிழாசிரியராய் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். ஊரில் எல்லாருக்கும் அவர் ‘வாத்தியாரய்யா’. ஒலிபெருக்கி இல்லாமலேயே அவருடைய குரல் அடுத்த தெருவில் உறங்குபவரை எழுப்பிவிடும் என்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழியில் அந்தக் குரல் கேட்கவில்லை. அவர் வந்திருந்தார், பாடினார், உதடுகள் அசைந்தன. பின்னால் வந்தவர்களுக்கு அடி எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று விளங்காமல் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். நான்காம் நாள் ஓர் இளைஞர் தயக்கத்துடன், “ஐயா, கொஞ்சம் சத்தமாப் பாடுங்களேன்” என்றார். “சத்தமாத்தானப்பா பாடுறேன்” என்று அவர் மறுமொழி சொன்னார். அதுவும் அந்த இளைஞருக்குச் சரியாகக் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து பெரியவர் வீதிவலத்துக்கு வரவில்லை. கோபித்துக்கொண்டார் என்று ஊர் நினைத்தது.

உண்மையில் அவர் உடலில் ஒரு நோய் பல ஆண்டுகளாக ஓசையின்றிக் குடியிருந்தது. அதன் முதல் அடையாளத்தை வீட்டார் பூசையறையிலேயே கண்டிருக்கலாம். “இப்ப வர்ற சூடத்துல வாசமே இல்ல” என்று அவர் அடிக்கடி சொல்லத் தொடங்கியிருந்தார். துளசியிலும் மணமில்லை, மல்லிகையிலும் மணமில்லை. கலப்படம் என்று கடைக்காரரைக் குறை சொன்னார். கடையை மாற்றியும் பார்த்தார். மணம் அறியும் புலன் குறைவது, கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே இந்த நோயில் வரக்கூடிய குறி என்று மருத்துவர் பின்னால் சொன்னபோது, அவருடைய மனைவி அந்தக் கடைக்காரரை நினைத்து வருந்தினார். உறக்கத்தில் கத்துவது, கை கால்களை உதறுவது, தீராத மலச்சிக்கல் ஆகியவையும் அவ்வாறே முன்கூட்டி வரக்கூடியவை. மணம் குறைந்தவர்கள் எல்லாருக்கும் இந்த நோய் வந்துவிடும் என்று பொருளில்லை. சளி பிடித்தாலும் மணம் போகும், வயதானாலும் குறையும்.

இரண்டாவது குறி வங்கியில் வெளிப்பட்டது. மாதந்தோறும் ஓய்வூதியம் எடுக்கச் செல்பவர். ஒருமுறை பணம் எடுக்கும் சீட்டில் அவர் இட்ட கையொப்பம், வங்கியில் இருந்த மாதிரிக் கையொப்பத்தோடு ஒத்துவரவில்லை. தொடக்க எழுத்து பழையபடி இருந்தது. போகப் போக எழுத்துகள் சிறுத்து, கடைசியில் ஒரு கோடாய்த் தேய்ந்திருந்தது. மீண்டும் எழுதச் சொன்னார்கள். மூன்றாம் முறை இன்னும் சிறுத்தது. வரிசையில் நின்றவர்கள் உச்சுக்கொட்ட, அவர் வியர்த்துப் போனார். முதியவர்களின் கையொப்பம் இவ்வாறு வலப்புறம் போகப் போகச் சுருங்குவதை மருத்துவருக்கு முன்னால் காண்பவர் வங்கியின் காசாளர்தான். கையொப்பம் மாறியது என்று சீட்டைத் திருப்பிக் கொடுப்பதோடு நில்லாமல், வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொன்னால் எத்தனையோ பேர் ஓராண்டு முன்னதாகவே மருத்துவரிடம் போயிருப்பார்கள்.

முகத்தில் சிரிப்புக் குறைந்தது, நடக்கும்போது வலக்கை வீசாமல் தொங்கியது, கோயில் நிலைப்படி அருகே கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டாற்போல நின்றுபோயின. “பேசினா மூஞ்சியக் கூடத் திருப்ப மாட்டேங்கிறாரு” என்று மனைவி மகளிடம் தொலைபேசியில் அழுதார். ஏழரைச் சனி என்றார்கள் சிலர். சனிபகவான் சுயம்புவாய் எழுந்தருளியுள்ள குச்சனூர் பக்கத்திலேயே இருப்பதால், அந்த அம்மையார் சனிக்கிழமை தவறாமல் சென்று எள் விளக்கு ஏற்றி வந்தார். அது அவருக்கு மனத்திடம் தந்தது. அந்தத் திடத்தோடுதான் கணவரை மதுரைக்கு அழைத்துச் சென்று நரம்பியல் மருத்துவரிடம் காட்டினார். வேண்டுதலை மருத்துவத்துக்கு மாற்றாக வைக்காத அந்த அம்மையாரின் அறிவை மெச்சத்தான் வேண்டும்.

பார்க்கின்சன் நோய் என்று மருத்துவர் சொன்னார். இரத்தப் பரிசோதனை ஒன்றினால் உறுதி செய்யக்கூடிய நோயன்று இது. நடையையும் விறைப்பையும் கை அசைவையும் கண்டே மருத்துவர் முடிவுக்கு வருகிறார். லண்டனில் மருத்துவராய் இருந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ஆம் ஆண்டில் இந்த நோயை விவரித்து ஒரு சிறு நூல் எழுதினார். பிற்காலத்தில் பிரெஞ்சு மருத்துவர் ஷார்க்கோ அவர் பெயரையே நோய்க்கு இட்டார். அவர் பிறந்த ஏப்ரல் 11-ஆம் நாளே இன்று உலகப் பார்க்கின்சன் நாள். நம் நாட்டு மருத்துவர்களோ இதைக் கம்பவாதம் என்றும் நடுக்குவாதம் என்றும் முன்பே அறிந்திருந்தார்கள். பூனைக்காலி விதையை மருந்தாகவும் பயன்படுத்தினார்கள்.

இங்கே தமிழர்கள் அறிந்து மகிழ வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1937-இல் சென்னையில் தாமோதரன், இராமசாமி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்தப் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபா என்னும் பொருளைப் பிரித்தெடுத்து, ஆங்கில ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். அது இந்த நோய்க்கு மருந்தாகும் என்பது அப்போது எவருக்கும் தெரியாது. மூளையில் டோபமைன் என்னும் பொருளின் பங்கை 1957-இல் சுவீடன் நாட்டு ஆர்விட் கார்ல்சன் கண்டறிந்தார். அதற்காக அவருக்கு 2000-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. 1961-இல் வியன்னாவில் நோயாளிகளுக்கு லெவோடோபா கொடுத்துப் பார்த்தார்கள். எழ முடியாமல் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். இன்றும் முதன்மையான மருந்து அதுவே. இதைப் படித்துவிட்டு எவரும் நாட்டு மருந்துக் கடையில் பூனைக்காலிப் பொடி வாங்கி, மாத்திரையோடு சேர்த்து உண்ணத் தொடங்க வேண்டாம். பொடியில் அளவு இவ்வளவு என்று நிலையில்லை. மாத்திரையோடு சேர்ந்தால் மிகையாகிவிடக்கூடும்.

நடுமூளையில் டோபமைனைச் சுரக்கும் அணுக்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. இருப்பில் பாதிக்கும் மேல் கரைந்த பிறகே நடுக்கமோ விறைப்போ வெளியே தெரிகிறது. கையிருப்பு தீரும் வரை கணக்குப் பார்க்காத குடும்பத்தைப் போல, உடலும் அதுவரை சமாளித்துக்கொண்டே போகிறது.

மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் பெரியவரின் விறைப்பு நன்றாகக் குறைந்தது. சட்டைப் பொத்தானைத் தாமே போட்டுக்கொண்டார். குரல் மட்டும் திரும்பவில்லை. மருந்து கை கால்களுக்கு உதவுகிற அளவுக்குக் குரலுக்கும் விழுங்குதலுக்கும் பல நேரங்களில் உதவுவதில்லை. அடுத்த கந்த சஷ்டியில் அவர் வழக்கம்போல் ஆறு நாள் நோன்பு இருந்தார். வயிற்றில் ஒன்றுமில்லாமல் மருந்து எதற்கு என்று மாத்திரையையும் நிறுத்தினார். இரண்டாம் நாள் மாலை கட்டிலிலிருந்து எழ முடியவில்லை. உடல் மரக்கட்டையாய் விறைத்தது. லெவோடோபாவைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே தீங்காகலாம் என்று மருத்துவர் மிகவும் கடிந்துகொண்டார். விரத நாளிலும் மாத்திரையை நேரம் தவறாமல் தண்ணீருடன் உட்கொள்ள வேண்டும். எந்தத் தெய்வமும் அதைக் குற்றமாகக் கொள்வதில்லை. இன்னும் சொல்லப்போனால், வெறும் வயிற்றில் அந்த மாத்திரை நன்றாகவே வேலை செய்யும். பருப்பு, பால் போன்ற புரதம் மிகுந்த உணவோடு சேர்ந்தால்தான் அதன் உறிஞ்சல் குறைகிறது.

இடி விழுந்தது அடுத்த புரட்டாசியில். சனிக்கிழமை சின்னமனூர்ப் பெருமாள் கோயிலில் கூட்டம். அர்ச்சகர் வார்த்த துளசித் தீர்த்தத்தைக் கையில் ஏந்தி, தம் வழக்கப்படி தலையை நன்றாக அண்ணாந்து வாயில் விட்டுக்கொண்டார். அந்த ஒரு மிடறு நீர் அவரைச் சுருட்டிப் போட்டது. முகம் சிவந்து கண்ணில் நீர் வழிந்தது. இரும முயன்றார். இருமலோ ஈரத் துணியை உதறினாற்போல வலுவில்லாமல் வந்தது. சற்று நேரத்தில் தெளிந்துவிட்டார், பிரசாதமும் பெற்றுக்கொண்டார். மூன்றாம் நாள் காய்ச்சல், நான்காம் நாள் மூச்சிரைப்பு. நுரையீரலில் நிமோனியா என்று மருத்துவமனையில் சேர்த்தார்கள். உணவும் நீரும் உமிழ்நீரும் உணவுக்குழாயில் இறங்காமல் மூச்சுக்குழாயில் புகுந்து அதனால் வரும் நிமோனியாவே பார்க்கின்சன் நோயாளிகளின் உயிரைப் பறிக்கும் முதன்மையான காரணங்களில் ஒன்று. நடுக்கத்தைக் கண்டு அஞ்சுகிறோம். அஞ்ச வேண்டியது இதைத்தான். சிலருக்கு இருமல்கூட எழாமலே நீர் உள்ளே இறங்கிவிடும்.

பதினோரு நாள் மருத்துவமனை வாசம். தீர்த்தமே இப்படிச் செய்துவிட்டதே என்ற துயரம் அம்மையாருக்கு. தீர்த்தத்தில் பிழையில்லை, அதைத் தடுத்து வெளியே தள்ளும் மூச்சுக்கு வலுவில்லை என்று அவருக்குப் புரிய வைத்தவர், அங்கே மூச்சுப் பயிற்சி தர வந்த இளம் இயன்முறை மருத்துவர். ஒரு பெண்மணி, பொறுமைசாலி.

“ஐயா, மூச்சு விடுறதுக்கும் தசை வேணும். கை விறைக்கிற மாதிரி உங்க நெஞ்சும் விறைச்சிருக்கு” என்று தொடங்கினார் அவர். மூச்சை உள்ளிழுப்பது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோல் விரிந்திருக்கும் உதரவிதானம். விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் அதற்குத் துணை செய்கின்றன. இயல்பாக மூச்சு வெளியேறத் தனி முயற்சி தேவையில்லை. ஆனால் இருமவும், உரக்கப் பாடவும், வெளித்தள்ளும் தசைகள் வேண்டும். வயிற்றுத் தசைகளே அவற்றில் முதன்மையானவை. இந்த நோயில் அவை யாவும் மெல்ல இயங்குகின்றன. வலுவும் குறைகிறது. முதுகு கூன் விழுவதால் நெஞ்சுக்கூடு விரிய இடமும் இல்லை. குரல் அடங்கியதும் இருமல் தளர்ந்ததும் ஒரே வேரில் கிளைத்தவை.

அறுவை சிகிச்சை முடிந்தவர்களின் வீடுகளில் மூன்று பந்துகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கண்டிருப்பீர்கள். பெரியவர் வீட்டிலும் ஒன்று முன்பே இருந்தது. அவர் அதை நாள்தோறும் ஊதிக்கொண்டிருந்தார், பந்து அசையவில்லை, உடைந்த கருவி என்று வைத்துவிட்டார். அது ஊதுவதற்கன்று, உறிஞ்சுவதற்கு. குழாயை வாயில் வைத்து மெதுவாய், ஆழமாய் மூச்சை இழுத்தால் பந்துகள் மேலே எழும். ஊதுபவர்கள் ஊரில் பலர் உண்டு. அதை வைத்திருப்பவர்கள் ஒருமுறை தாம் செய்வது சரியா என்று பார்த்துக்கொள்வது நல்லது. அந்தக் கருவி நுரையீரலை விரிக்கும். தசைக்கு வலுவேற்ற அது போதாது.

வலு வேண்டுமானால் சுமை வேண்டும். நெல் மூட்டை தூக்கியவன் தோள் திரண்டிருப்பது போல. அதற்கென வந்துள்ள கருவி கையில் அடங்கும் ஒரு குழாய். உள்ளே வில்லால் அழுத்தப்பட்ட ஓர் அடைப்பான் உண்டு. குறிப்பிட்ட அழுத்தத்துக்குக் குறைந்த மூச்சுக்கு அது திறக்காது. ஓங்கி ஊதினால் ‘புஸ்’ என்று திறந்துகொள்ளும். வில்லை இறுக்க இறுக்கச் சுமை கூடும். உள்ளிழுக்கும் தசைக்கும் இதே முறையில் வேறொரு கருவி உண்டு. அதில் இழுத்தால்தான் அடைப்பான் திறக்கும். இஸ்ரேல் நாட்டில் 20 பார்க்கின்சன் நோயாளிகளைக் கொண்டு 12 வாரம் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், உள்ளிழுக்கும் பயிற்சி பெற்றவர்களுக்குத் தசை வலுவும் தாங்கும் திறனும் கூடின, மூச்சு முட்டும் உணர்வு குறைந்தது. 2010-இல் அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 60 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஊதும் கருவியும், மறு பிரிவுக்கு வில் வேலை செய்யாத போலிக் கருவியும் கொடுத்து 4 வாரம் பயிற்சி செய்யவைத்தார்கள். உண்மைக் கருவியில் பயின்றவர்கள் முன்னிலும் பாதுகாப்பாக விழுங்கினார்கள். ஓங்கி ஊதும்போது தொண்டைக்கு மேலுள்ள தசைகளும் சேர்ந்து உழைப்பதே அதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. நோய் வளர்வதை இது நிறுத்திவிடும் என்று எவரும் சொல்லவில்லை. பயிற்சியை விட்டால் வலுவும் மெல்லக் குறையும்.

பயிற்சியின் கணக்கு எளியது. மூக்கில் ஒரு பிடிப்பான், நிமிர்ந்த இருக்கை. ஆழமாக இழுத்து ஓங்கி ஊத வேண்டும். 5 முறை ஊதினால் ஒரு சுற்று. சற்று இளைப்பாறி, இவ்வாறு 5 சுற்று. வாரத்தில் 5 நாள். சுமை எவ்வளவு என்பதை அளந்து வைப்பவர் பயிற்சி தருபவர். இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், அண்மையில் கண்ணிலோ வயிற்றிலோ அறுவை செய்துகொண்டவர்கள், இதய நோயாளிகள் மருத்துவரைக் கேளாமல் கருவியைத் தொடக்கூடாது. நாளில் எந்த நேரம் என்பதும் பொருட்டானது. மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் போல் ஆகி உடல் தளர்ந்து இலகுவாய் இருக்கும் வேளையே ஏற்றது.

ஐந்து, ஐந்து, ஐந்து என்று கேட்டவுடன் பெரியவர் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு ஒரு மலர்ச்சி தோன்றியதாம். அவர் தமக்கென ஒரு வழி வகுத்துக்கொண்டார். ஒவ்வோர் ஊதலுக்கும் ஓர் எழுத்து. ந என்று மனத்தில் எண்ணி ஓர் ஊதல், ம என்று ஓர் ஊதல். பஞ்சாட்சரம் முடிந்தால் ஒரு சுற்று முடிந்தது. எண்ணிக்கை தவறவே இல்லை. திருநீற்றுக் கிண்ணத்துக்கு அருகிலேயே கருவிக்கும் இடம் கிடைத்தது.

ஒரு சிக்கல் எழாமலில்லை. கருவி கைக்கு வரும் வரை மெழுகுவர்த்திச் சுடரை ஊதிப் பழகலாம் என்று இயன்முறை மருத்துவர் சொல்லியிருந்தார். அம்மையார் அதை ஒப்பவில்லை. “வெளக்க வாயால ஊதி அணைக்கிறதாவது! எங்க வீட்ல ஆகாதும்மா” என்று உறுதியாய்ச் சொல்லிவிட்டார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, ஒரு தம்ளர் நீரில் உறிஞ்சுகுழலை வைத்துக் குமிழி எழ ஊதச் சொல்லிக்கொடுத்தார். பேரப்பிள்ளைகள் வந்திருந்த நாளில் வீடே குமிழி ஊதியது.

திருமூலர் காட்டிய பிராணாயாமம் இருக்க, இந்தக் குழாய் எதற்கு என்று கேட்ட அன்பரும் உண்டு. கேட்கத் தக்க கேள்விதான். பூரகமும் இரேசகமும் மெல்ல, நீளமாக, மனம் ஒன்றிச் செய்தால் நெஞ்சு விரியும், பதற்றம் தணியும். பெரியவர் அதையும் காலையில் செய்கிறார். ஆயினும் மெல்லிய மூச்சு தசையின்மேல் சுமை ஏற்றுவதில்லை. இரண்டும் வெவ்வேறு வேலை செய்பவை. முதியவர்கள் கும்பகத்தில் மூச்சை நெடுநேரம் அடக்குவதும், கபாலபாதி போன்றவற்றை வேகமாகச் செய்வதும் வேண்டாம் என்றே மருத்துவர் சொன்னார். திருவிழாக்களில் நாகசுரம் வாசிப்பவரைப் பார்த்து அந்தப் பெரியவர் சொன்னதும் இங்கே நினைக்கத் தக்கது: “அவுக கத்துக்கிட்ட வித்தையில பாதி, மூச்ச எங்க சேத்து வைக்கிறதுன்னுதான்.”

குரலுக்கென ஒரு தனிப் பயிற்சி இருந்தது. அமெரிக்காவில் லீ சில்வர்மன் என்ற அம்மையாருக்கு இந்த நோய் வந்து, அவர் பேசுவது வீட்டாருக்கே கேட்காமல் போயிற்று. அவர் பெயரால் 1987-இல் ஒரு குரல் பயிற்சி முறை வகுக்கப்பட்டது. வாரம் 4 நாளாக 4 வாரம், மொத்தம் 16 அமர்வுகள். இந்த நோயில் தம் குரல் தாழ்ந்திருப்பது பேசுபவருக்கே தெரிவதில்லை. சத்தமாய்த்தான் பேசுகிறோம் என்று மனமாரவே நம்புகிறார்கள். “சத்தமாத்தானப்பா பாடுறேன்” என்று அன்று தெருவில் அவர் சொன்னது பொய்யுமன்று, வீம்புமன்று. அவர் பாடியதைக் கைப்பேசியில் பதிந்து அவருக்கே போட்டுக் காட்டினார்கள். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “இது யாரு?” என்று கேட்டார்.

அதன்பின் பயிற்சி வேறுவிதமானது. கத்துகிறோம் என்று அவருக்குத் தோன்றும் அளவுக்குக் குரலை எழுப்பினால்தான் அது கேட்பவருக்கு இயல்பான பேச்சாக இருக்கும். நாணமாய் இருந்தது. ஆசிரியராய் இருந்தவருக்கு வீட்டில் கத்துவது தகுமா? மனைவி கதவருகே நின்று, கேட்டால் கையை உயர்த்துவார். கேளாவிட்டால் அசையமாட்டார். ‘ஆ’ என்று ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் இழுக்கிறார் என்பதைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நாட்காட்டித் தாளில் குறித்து வைத்தார். முதல் நாள் 6 நொடி. இரண்டு மாதம் கழித்து 13. இடையில் சளி பிடித்த வாரம் 5-ஆக இறங்கியது. அந்தத் தாளையும் அவர் கிழித்துப் போடவில்லை.

விழுங்குவதில் கற்ற பாடங்கள் நம் வழக்கங்களோடு மோதின. எச்சில் படாமல் அண்ணாந்து குடிப்பது நம் ஆசாரம். தலை பின்னால் சாயும்போது மூச்சுக்குழாயின் வாயில் திறந்துகொண்டு, நீர் விரைந்து உள்ளே ஓட வழியாகிறது. அவருக்கென ஒரு தம்ளர் தனியாக வைத்தார்கள். தலையை நேராக, முகவாயைச் சற்றே தாழ்த்தி, சிறு மிடறுகளாய்க் குடிக்கப் பழகினார். வாயில் உணவு இருக்கும்போது பேசுவதில்லை. சுண்டல் போன்ற உதிரிகளைத் தவிர்த்தார். குழைந்த பொங்கல் ஏற்றுக்கொண்டது. உண்டதும் படுப்பதில்லை. கோயிலில் தீர்த்தம் வாங்கும்போது ஒதுங்கி நின்று, உள்ளங்கையை உதட்டோடு சேர்த்து நிதானமாக உறிஞ்சிக்கொள்கிறார். வரிசை நகரட்டும் என்று அவசரப்படுத்துவோர் உண்டு. அர்ச்சகர் நிலைமை அறிந்து இப்போது இரண்டு சொட்டு மட்டுமே வார்க்கிறார்.

நிலைப்படியில் கால் ஒட்டிக்கொள்வதற்கும் ஒரு வழி கிடைத்தது. தரையில் குறுக்குக்கோடு ஒன்று தெரிந்தால், அதைத் தாண்டுவதாக எண்ணிக் கால் எழுந்துவிடுகிறது. வீட்டு வாசலில் மருமகள் கோலத்தின் ஓரம் நீண்ட கோடு ஒன்றைக் கூடுதலாக இழுத்து வைக்கிறார்.

பயிற்சி தொடங்கி ஐந்தாம் வாரம். ஒரு மாலை காப்பி குடிக்கும்போது புரையேறியது. அம்மையார் பதறி எழுந்தார். பெரியவர் மேசையைப் பிடித்துக்கொண்டு ஓங்கி இருமினார். நெஞ்சின் அடியிலிருந்து வந்த இருமல். இரண்டே இருமலில் தொண்டை தெளிந்தது. பக்கத்து வீட்டிலிருந்து யாரோ, “வாத்தியாரய்யா வந்துட்டாகளா?” என்று குரல் கொடுத்தார்களாம். அம்மையார் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பூசையறைக்குள் போய்விட்டார்.

எல்லாம் சீராகிவிட்டது என்று எழுத மனம் விரும்பினாலும், அது உண்மையாகாது. நோய் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. மாத்திரையின் அளவு கூடியிருக்கிறது. சில பிற்பகல்களில் மருந்தின் வேகம் தீர்ந்து அவர் நாற்காலியிலேயே உறைந்து அமர்ந்திருப்பார். சில நாள் எரிச்சலில் கருவியைத் தள்ளி வைப்பார். “அஞ்செழுத்த விட்டுட்டீகளா?” என்று அம்மையார் கேட்ட பிறகே மீண்டும் எடுப்பார். அந்த ஓராண்டில் நிமோனியா திரும்பி வரவில்லை.

மார்கழி பிறப்பதற்கு முதல்நாள், முன்பு அவரைச் சத்தமாகப் பாடச் சொன்ன அதே இளைஞர் வீடு தேடி வந்தார். அவருக்கு இதற்குள் செய்தி தெரிந்திருந்தது. மன்னிப்புக் கேட்க வந்தவரை அமரச் சொல்லி, பெரியவர் திருவெம்பாவையின் இருபது பாடல்களையும் ஒரு தாளில் பிரித்துக் கொடுத்தார். எழுத்துச் சிறுத்திருந்ததால் கோடு போட்ட தாளில், ஒரு வரி விட்டு ஒரு வரியாக, பெரிதாக எழுதியிருந்தார். ஒவ்வொரு பாட்டிலும் தொடக்கத்து அடிகள் அவருக்கு. மூச்சு வாங்கும் இடங்களில் சிவப்பு மையால் சிறு கோடு. அந்தக் கோட்டிலிருந்து கூட்டம் எடுத்துக்கொள்ள வேண்டும். பாவையை விளிக்கும் இறுதிச் சொல்லில் எல்லாரும் சேர்ந்துகொள்ள வேண்டும்.

மறுநாள் நாலரை மணிக்கு மாத்திரை. ஐந்தரைக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்தார். கோலத்தின் கோட்டைப் பார்த்தார், தாண்டினார். அம்மையார் வெந்நீர்ப் புட்டியும் அந்தத் தனித் தம்ளருமாகப் பின்னால் நடந்தார். முதல் பாட்டின் முதல் அடி பழைய முழக்கமாக இல்லை. கரகரப்பும் சிறு நடுக்கமும் இருந்தன. ஆனால் தெருக்கோடி வரை கேட்டது. சிவப்புக் கோட்டில் அவர் நிறுத்தி மூச்சிழுக்க, கூட்டம் அடுத்த அடியை எடுத்துக்கொண்டது. மூன்றாவது வீட்டில் கோலமிட்டுக்கொண்டிருந்த மூதாட்டி நிமிர்ந்து பார்த்து, கையிலிருந்த கோலமாவுக் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டுக் கைகூப்பினார்.